துடக்கு வீட்டு வீணை

அத்தியாயம் ஒன்பது

ஒரு மாதமாகப் பத்மாசினி வீட்டில் வீணைச் சத்தம் இல்லை. கோப்பாயில் வேறு யாரும் இதைக் கவனிக்கவில்லை. நாகேஸ்வரி கவனித்தாள்.

சத்தம் கேட்ட காலத்தில், "இந்த வளவிலை மனிசர் நித்திரை கொள்ளுறதில்லையோ?" என்று வேலிக்குக் கேட்கும்படி முணுமுணுத்தவளும் அவள்தான். இப்போது கேட்காமல் இருப்பதும் அவளுக்குப் பொறுக்கவில்லை. பொறாமை பிடித்த காதுக்குச் சத்தமும் நோவு, மௌனமும் நோவு.

இந்த இதழில்தான் முதன்முதலாகக் கதைக்குள் காலடி வைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. நாகேஸ்வரி அக்கா, பத்மாசினி தங்கை. அக்காவைக் கட்டியவர் சீவரத்தினம், புகையிலைக் கமக்காரர். தங்கையைக் கட்டியவர் அவருடைய தம்பி தியாகராசா, மலாயாவில் றெயில்வே கிளாக்காக இருந்து பென்சன் எடுத்து வந்தவர். சீதனமாக வந்த ஒரே வளவை நடுவில் வேலி போட்டு இரண்டாக்கி இரண்டு குடும்பமும் இருந்தன. கிணறு மட்டும் பங்குக் கிணறு.

தியாகராசா கப்பலால் இறங்கி வரும்போது தஞ்சாவூருக்குப் போய் ஒரு வீணை வாங்கி வந்தார். அவருடைய மகள் இரத்தினம்மா அதை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் கொட்டாவி விட்டாள். பக்கத்தில் இருந்து பார்த்த நாகேஸ்வரியின் மகள் குணலட்சுமிதான் படித்துக்கொண்டாள். படிப்பிக்க வந்தவரே, "கை எண்டால் இந்தப் பிள்ளையின்ரை கை" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அன்றைக்குப் பிடித்தது சனி.

"ஓயாமல் வாசிச்சால் தந்தி தேயும் பிள்ளை. இனி வேண்டாம்" என்றாள் பத்மாசினி.

தந்தி தேயுமாம்! நாகேஸ்வரி அந்த வார்த்தையை இரண்டு வருஷமாக வாய்க்குள் வைத்து மென்றுகொண்டிருந்தாள். வேலியில் ஆள் குனிந்து போய்வர ஒரு பொட்டு விட்டிருந்தார்கள். மறுநாளே அதை அவள் பின்னிய ஓலைக் கிடுகு வைத்து அடைத்துக் கட்டினாள்.

இந்த நேரத்தில்தான் புரோக்கர் அருளம்பலம் தொண்டைமானாற்றிலிருந்து ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். மாப்பிள்ளை சண்முகநாதன், கோலாலம்பூரில் உத்தியோகம், லீவு முடிய இன்னும் ஆறு கிழமைதான்.

"தாய் கமலாவதிக்கு வீணை எண்டால் உயிர்" என்றார் அருளம்பலம். "சின்ன வயசிலை இருந்து வாசிச்ச வீணை. ஆவணியிலை சந்நிதிக் கோயில் தேருக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு போன நேரம் கள்ளர் கொண்டு போயிட்டாங்கள். வாற மருமகளின்ரை கையாலை வீட்டிலை திரும்ப வீணைச் சத்தம் கேக்கவேணும் எண்டு மனிசி நிக்குது. உங்கடை பிள்ளை வாசிக்குந்தானே?"

"ஓம், வாசிப்பாள்."

"வீணை இருக்குத்தானே?"

"இருக்கு" என்றாள் நாகேஸ்வரி.

இல்லை. தங்கையிடம் போய் இரவல் கேட்பதைவிட அவள் கிணற்றில் குதிப்பாள். அதுவும் பங்குக் கிணறு.

அப்படியிருக்க உரும்பிராயில் சீவரத்தினத்தின் பெரியப்பா ஆழ்வாப்பிள்ளை காலமானார். இரண்டு வீட்டுக்கும் முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. நவராத்திரிக்குக் கூடச் சரஸ்வதி படத்துக்கு ஒரு பூ வைக்கவில்லை. இருபதாம் நாள், ஆண்கள் இல்லாத ஒரு முற்பகலில், படலையில் ஒரு திருக்கல் வண்டி வந்து நின்றது. இறங்கியவன் நெற்றி நிறைய விபூதி. நாலு ஊர்த் தமிழும் கலந்த பேச்சு. தோளில் துணி சுற்றிய நெட்டை மூட்டை.

"அம்மா, இது துடக்கு வீடுதானே?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். இவனுக்கு யார் சொன்னது என்று நாகேஸ்வரி யோசிக்கவில்லை. துணியை ஒரு சாண் விலக்கி, தங்கப் பூச்சுப் பளபளக்கும் யாளி முகத்தைக் காட்டினான். அவள் கையை நீட்டினாள். அவன் பதறிப்போய் மூடினான்.

"சரஸ்வதி, அம்மா! கண்ணாலே பார்க்கலாம், தொடக் கூடாது. துடக்குக் கழியட்டும். நல்ல நேரம் பார்த்து அவிழ்த்து, சந்தனம் வைத்து, பிள்ளை கையிலே கொடுங்கள்."

இந்தக் காலத்திலும் இப்படி ஆசாரம் தெரிந்த மனிதர் இருக்கிறாரே என்று நாகேஸ்வரிக்கு மெய்சிலிர்த்தது. சந்தையில் ஒரு சட்டி வாங்கினால் மூன்று தரம் சுண்டிப் பார்த்து, நாலாம் தரம் வெயிலில் பிடித்துப் பார்க்கிறவள் அவள். வீணையைச் சுண்டாமல் வாங்கினாள். மகளின் சீதனத்துக்கென்று வைத்திருந்த ஒரு சோடி காப்பை எடுத்துக் கொடுத்தாள். அவனுடைய பேரைக் கூடக் கேட்கவில்லை.

புருஷனிடம், காப்பு நெளிவு எடுக்கத் தட்டாரிடம் போயிருக்கிறது என்று சொன்னாள். மூட்டை அறைக்குள் நெற்பெட்டிக்குப் பின்னால் போனது.

நேற்றுக் கீரிமலையில் துடக்குக் கழிக்கும் அந்தியேட்டிக் கிரியை முடிந்தது. இன்று வியாழக்கிழமை. நாளை பின்னேரம் நாலு மணிக்குப் பெண் பார்க்க வருகிறார்கள்.

காலையில் புகையிலை நாற்றுக்குத் தண்ணீர் விடப் புறப்பட்ட சீவரத்தினம் படலையடியில் நின்றார்.

"இஞ்சேரும், தட்டார் காப்பைத் தந்திட்டாரோ?"

"இண்டைக்கு வரும்."

"நாளைக்குப் பிள்ளை வெறுங்கையோடை நிக்கக் கூடாது. வரேக்கை நானே ஒருக்கா எட்டிப் பாக்கட்டோ?"

"நீங்கள் ஏன் அலையிறியள்? நான் ஆளனுப்பி எடுக்கிறன்."

சீவரத்தினம் தலையை ஆட்டிக்கொண்டு போனார். இருபது வருஷத்தில் மனைவி அவரிடம் பொய் சொன்னதில்லை. சொல்லத் தெரியாமல் அல்ல, தேவைப்படவில்லை. முதல் பொய்யே நாகேஸ்வரிக்கு ஒரு சோடி காப்பின் பாரம். ஆனாலும் நாளைக்கு வீணையோடு மகள் இருக்கிற கோலத்தைக் கண்டால் அவர் கோபத்தை மறந்துவிடுவார் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

கிணற்றடியில் பத்மாசினி குடத்தோடு நின்றாள். கண் வீங்கியிருந்தது. இரவு நித்திரை இல்லாத முகம். என் மகளுக்கு நல்ல சம்பந்தம் வந்த எரிச்சல் என்று நாகேஸ்வரி தனக்குள் முடிவு கட்டினாள். அந்த முடிவு அவளுக்கு இனிப்பாக இருந்தது.

"நாளைக்கு ஆக்கள் வருகினமாம்?" என்றாள் பத்மாசினி.

"ஓம். உனக்கு ஆர் சொன்னது?"

"ஊரே சொல்லுது. தொண்டைமானாற்று ஆக்களே?"

"ஓம்."

"தாயின்ரை பேர் கமலாவதிதானே?"

"ஓமெண்டிறன். கோலாலம்பூர் மாப்பிள்ளை."

பத்மாசினி கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். துலா மேலே போனது போனபடி நின்றது.

"கமலாவதியே? நல்லாத் தெரியுமே உங்களுக்கு?"

"எத்தினை தரமடி கேப்பாய்? மாப்பிள்ளையின்ரை தாயின்ரை பேர் எனக்குத் தெரியாதே?" நாகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. எரிகிறவள் எரியட்டும் என்று இன்னும் ஒரு விறகைத் தள்ளினாள். "அவவுக்கு வீணை எண்டால் உயிராம். நல்ல காலம், எங்கடை வீட்டிலும் ஒண்டு வந்திட்டுது."

"வீணையோ? ஆரிட்டை வாங்கினீங்கள்?"

"தஞ்சாவூரிலை இருந்து எடுப்பிச்சது. உன்ரை வீணை என்ன, ஒரு மாசமா ஊமையாக் கிடக்கு?"

"துடக்கெல்லே. சுத்தி வைச்சிருக்கு" என்றாள் பத்மாசினி.

இரண்டு பேரும் பொய் சொன்னார்கள். இரண்டு பேரும் நிறைகுடத்தோடு தங்கள் தங்கள் வீட்டுக்குப் போனார்கள்.

ராகுகாலம் மூன்று மணிக்குக் கழிந்தது. மூன்றேகாலுக்கு நாகேஸ்வரி விளக்கேற்றி, பாய் விரித்து, மகளைக் குளித்து வரச்சொல்லி, மூட்டையை அவிழ்த்தாள். அழகென்றால் அழகு. யாளி முகத்தில் பச்சையும் சிவப்பும் தங்கமும். வீணைக் குடம் எண்ணெய் பூசினாற்போல் மினுங்கியது. நாகேஸ்வரிக்குக் கண்ணில் நீர் கட்டியது. 'உன்ரை வீணைக்கு இந்த மினுக்கம் இருந்ததோடி?' என்று மனதுக்குள் தங்கையிடம் கேட்டாள்.

குணலட்சுமி மடியில் வைத்துச் சுருதி கூட்டி, ஒரு தந்தியை மீட்டினாள்.

பித்தளைச் செம்புக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கினாற்போல ஒரு சத்தம் வந்தது.

"தந்தி புதுசு. அதுதான்" என்றாள் தாய்.

"தந்தியில்லை அம்மா."

"பழகப் பழகச் சரிவரும். இன்னுமொருக்கா வாசி."

இன்னொரு தரம் மீட்டினாள். இன்னொரு தரம் கல் குலுங்கியது. குணலட்சுமி குடத்தைத் திருப்பிக் காதோடு வைத்து விரல் முட்டியால் தட்டினாள். நல்ல மரம் கணீரென்று பதில் சொல்லும். இது 'டொக்' என்றது. அவள் நகத்தால் மெல்லச் சுரண்ட, மினுக்குப் பூச்சு உரிந்து கறுப்பு மெழுகு வந்தது. மெழுகுக்குக் கீழே குடத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை வெடிப்பு. தட்டாதே, தொடாதே, துடக்கு என்று அந்த ஆசாரக்காரன் சொன்னது சரஸ்வதிக்காக அல்ல.

நாகேஸ்வரி சுவரைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். போன காப்பு நினைவுக்கு வந்தது. நாளை நாலு மணி நினைவுக்கு வந்தது. "வீணை இருக்கு" என்று தன் வாயால் சொன்னது எல்லாவற்றுக்கும் மேலாக நினைவுக்கு வந்தது. மாப்பிள்ளை வருமுன்பே பொய் வந்து நிற்கிற வீட்டில் யார் சம்பந்தம் செய்வார்கள்?

குணலட்சுமி வீணையை விடவில்லை. மெழுகில் பதித்த பித்தளை மெட்டுகளின் கீழே கட்டைவிரலை ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டு வந்தவள், ஓரிடத்தில் நின்றுவிட்டாள்.

"அம்மா, இஞ்சை பாருங்கோ. ஏழாம் மெட்டுக்குக் கீழை."

"என்ன?"

"நகக்குறி. என்ரை நகம்."

மெழுகில் பிறை போல ஒரு பள்ளம். குணலட்சுமி தன் கட்டைவிரலை வைத்துக் காட்டினாள். அச்சாகப் பொருந்தியது. இரண்டு வருஷத்துக்கு முன் சித்திரை வெயிலில் மெழுகு இளகி மெட்டுச் சரிந்தபோது, அவள்தான் நிமிர்த்தி அழுத்தினாளாம். சின்னம்மா ஏசுவா என்று யாருக்கும் சொல்லவில்லையாம்.

"யாளிக்குப் புது வர்ணம் அடிச்சிருக்கு. மெழுகு மாத்தினால் செலவெண்டு அதை விட்டிட்டான். அம்மா, இது சின்னம்மா வீட்டு வீணை."

நாகேஸ்வரிக்கு முதலில் வந்தது சந்தோஷம். உள்ளதைச் சொன்னால் என்ன? தங்கையின் வீணை வெடித்துப்போயிற்று! ஊர் முழுக்கக் காதில் போட்ட வீணை, தந்தி தேயும் வீணை, செத்துப்போயிற்று! ஒரு மூச்சு நேரம் அவள் மனம் குளிர்ந்தது.

அடுத்த மூச்சில்தான், செத்தது தன் வீட்டில் கிடக்கிறது என்பது உறைத்தது.

"அனுப்பினவள் அவள்தான்" என்று எழும்பினாள். "உடைஞ்சதுக்கு மினுக்குப் போட்டு, ஒரு கள்ளனைப் பிடிச்சு, அக்காவின்ரை தலையிலை கட்டியிருக்கிறாள்!"

"அம்மா, கேட்டுப் பாராமல்…"

"தூக்கடி அதை!"

படலையால் சுற்றிப் போகக் கோபத்துக்குப் பொறுமை இல்லை. தானே அடைத்த பொட்டுக்கு நேரே போய்க் கிடுகைப் பிடித்து இழுத்தாள். கயிறு இற்றுப்போயிருந்தது. இரண்டு வருஷத்துக் கட்டு இரண்டு இழுப்பில் அவிழ்ந்தது. தலையில் ஓலைத் தூளோடு நாகேஸ்வரியும், அணைத்த வீணையோடு குணலட்சுமியும் தங்கை வீட்டு முற்றத்தில் போய் நின்றார்கள்.

பத்மாசினி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வீணையைக் கண்டதும் சுளகு கையிலிருந்து விழுந்தது.

"உது… உது உங்கடை வீட்டிலையோ கிடந்தது?"

"நடிக்காதை! நீதானே அனுப்பினனீ?"

"ஐயோ அக்கா, சத்தியமா இல்லை." பத்மாசினி முற்றத்திலேயே குந்தி அழத் தொடங்கினாள். ஆழ்வாப்பிள்ளை செத்த செய்தி வந்த அன்று, எல்லோரும் உரும்பிராய்க்கு ஓடிய அவசரத்தில், கட்டிலில் சாத்தியிருந்த வீணையை அவள் கால் தட்டிவிட்டது. விழுந்தது, வெடித்தது. புருஷனுக்குச் சொல்லப் பயம். துணியைச் சுற்றி மூலையில் வைத்தாள். எட்டாம் நாள், பழைய வீணை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு திருக்கல் வண்டியில் அந்த ஆள் வந்தான்.

"உடைஞ்சதைத் தாங்கோ, நல்லதொண்டு தாறன் எண்டான். பதக்கம் சங்கிலியைக் குடுத்தன். துடக்குக் கழியும் வரைக்கும் அவிழ்க்கக் கூடாதெண்டு அவன்தான் சொன்னவன்."

"என்னட்டையும் அதைத்தான் சொன்னவன்" என்றாள் நாகேஸ்வரி. குரல் சற்றுத் தாழ்ந்தது. "அப்ப என்ரை வீடு அவனுக்கு எப்பிடித் தெரியும்?"

பத்மாசினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லன்!"

"என்ரை வாய்தான் அக்கா. 'இந்த ஊரிலை மட்டும் வித்துப்போடாதை. பக்கத்து வளவிலை என்ரை அக்கா இருக்கிறா, அவவுக்கும் இதே துடக்குத்தான், அவவுக்கு எங்கடை வீணையிலை ஒரு கண், உடைஞ்சதெண்டு அறிஞ்சால் சந்தோஷத்திலை பால் பொங்கிப் படைப்பா' எண்டு சொன்னன். அவன் கேட்டுக்கொண்டு போனான்."

நாகேஸ்வரி திட்டத்தான் வாயெடுத்தாள். ஆனால் பால் பொங்குவாள் என்று தங்கை சொன்னது பொய்யல்ல. சற்று முன்தானே மனதுக்குள் பொங்கினாள்! கள்ளனுக்கு வழி காட்டியது இவளுடைய வாய் என்றால், கதவு திறந்துவிட்டது தன்னுடைய கண். அவளும் முற்றத்தில் தங்கைக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"அவன் தந்தது எங்கை?"

"அறைக்குள்ளை. இன்னும் அவிழ்க்கேல்லை. பயமாக் கிடக்கு."

பத்மாசினியே உள்ளே போய் எடுத்து வந்தாள். குணலட்சுமி துணியை விலக்கினாள். வர்ணமும் இல்லை, பூச்சும் இல்லை. கைபட்டுக் கைபட்டுக் கறுத்த பழைய மரம். தட்டிப் பார்த்தாள். கணீரென்றது. மீட்டினாள். அந்த நாதம் முற்றத்தைத் தாண்டி, கிணற்றைத் தாண்டிப் போய் நின்று திரும்பி வந்தது. குணலட்சுமியின் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

நாகேஸ்வரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரே கள்ளன், ஒரே வேலி. அவளுக்கு முழுசு, எனக்கு வெடிச்சது! பிறந்த நாளிலிருந்து இதே கணக்குத்தான். அம்மா பிட்டுக்குத் தேங்காய்ப்பூப் போட்டாலும் இவளுடைய கோப்பைக்குத்தான் ஒரு பிடி கூட.

அந்த நேரம் பத்மாசினி ஒரு காரியம் செய்தாள். வீணையைத் தூக்கிக் குணலட்சுமியின் கையில் வைத்தாள். வைக்கும்போது தன் உள்ளங்கையைத் தண்டியின் அடிப்பக்கத்தில் கொடுத்து, பிள்ளையைத் தூக்குகிறாற்போல் பக்குவமாக வைத்தாள்.

"கொண்டு போ பிள்ளை. நாளைக்கு நீயே வாசி."

"தங்கச்சி…" என்றாள் நாகேஸ்வரி.

"நாளைக்கு மட்டுமில்லை அக்கா. உங்களிட்டையே இருக்கட்டும். எங்கடை இரத்தினத்துக்கு உது வராது. தந்தி தேயுமெண்டு நான் சொன்னதை மறந்துபோங்கோ."

இரண்டு வருஷமாக மென்ற வார்த்தை நாகேஸ்வரியின் வாய்க்குள்ளேயே கரைந்தது. அவள் தங்கையின் தலையைத் தடவினாள். பொட்டால் குனிந்து திரும்பும்போது, இதை இனி அடைப்பதில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். நாளை நாலு மணி இனிப் பயமில்லை. காப்பு விஷயத்தை இன்று இரவே அவரிடம் சொல்லி அழுதுவிடலாம்.

விளக்கு வைக்கிற நேரம். குணலட்சுமி பாயில் இருந்து நாளைக்கு வாசிக்கப்போவதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்தி விரலை முகர்ந்தாள்.

"அம்மா, அடியிலை சந்தனம். ஒட்டுது."

"சின்னம்மா பூசியிருப்பா. துடக்குக் கழிஞ்சதெல்லே" என்று சொன்ன நாகேஸ்வரி, அடுப்படி வாசலில் நின்றுவிட்டாள்.

அவிழ்க்கவே இல்லை என்றாளே? அவிழ்க்காத மூட்டைக்குள் ஈரம் காயாத சந்தனம் எப்படிப் போனது?

விளக்கைக் கொண்டு வந்து கிட்டே பிடித்தாள். தண்டியின் அடியில், பத்மாசினி உள்ளங்கை கொடுத்த அதே இடத்தில், நாலு விரல் அகலத்துக்குச் சந்தனம் தடிப்பாக அப்பியிருந்தது. ஈரச் சீலையால் துடைத்தாள். ஊசியால் கீறிய எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சின்னப் பிள்ளை ஒருத்தி எப்போதோ கீறிய கோணல் எழுத்து.

குணலட்சுமி வாசித்தாள்.

"கமலாவதி. தொண்டைமானாறு."

காலையில் கிணற்றடியில் பத்மாசினி இரண்டு தரம் கேட்ட பேர். எரிகிறாள் என்று நினைத்து நாகேஸ்வரி சிரித்த பேர். நேற்று இரவு தங்கை நித்திரை கொள்ளாதது ஏன் என்று இப்போதுதான் தெரிந்தது. நாளை நாலு மணிக்கு அந்தக் கமலாவதி இந்தப் பாயில் வந்து இருப்பாள். தன்னுடைய களவுபோன வீணையை மருமகளாக வரப்போகிறவள் மடியில் வைத்திருப்பதைக் காண்பாள்.

"அம்மா, சின்னம்மா தெரிஞ்சோ தந்தவ?"

தங்கை பயத்தில் கையைக் கழுவினாளா, பழி தீர்த்தாளா? கூடப் பிறந்தவளுக்குக் கூட அது விளங்கவில்லை.

படலை திறக்கும் சத்தம் கேட்டது. சீவரத்தினத்தின் குரல் முற்றத்திலிருந்தே வந்தது.

"இஞ்சேரும்! தட்டாரை வழியிலை கண்டன். காப்போ, என்ன காப்பெண்டு கேக்கிறார்!"

அவள் விளக்கோடு பின் வாசலுக்கு ஓடினாள். தங்கையைக் கூப்பிட வேண்டும், இப்போதே கூப்பிட வேண்டும். மங்கலில் வேலி தெரிந்தது. அங்கே கிடுகு சரசரத்தது. தங்கை வீட்டுப் பக்கமிருந்து யாரோ வேலிப் பொட்டை அடைத்து இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.